ஆயுத பூஜைக்குள் கார் சாவியைத் திறந்து பாருங்கள்

குரோம்பேட்டை, பல்லாவரம், சிட்லபாக்கம், தாம்பரம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் வைத்திருக்கும் அனைவருக்கும்,

மழைக்காலம் நெருங்கும்போது நம் அசோசியேஷன்களில் என்னென்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மொட்டை மாடிக் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுப்போம். சம்ப் மூடியைச் சரிபார்ப்போம். மோட்டார் அறை வாசலுக்கு மணல் மூட்டை வாங்குவோம். கரண்ட் போனால் லிஃப்டை எந்த மாடியில் நிறுத்தி வைப்பது என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைப்போம். இந்தப் பட்டியலில் கார் சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியைச் சேர்த்த குடியிருப்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஐம்பது, நூறு ரூபாய் சமாச்சாரத்துக்கு ஒரு மடலா என்று நினைப்பீர்கள். நம் பகுதியில் அது ஐம்பது ரூபாயோடு முடிவதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் கார்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்து போனதை நாடே பார்த்தது. அந்தக் காட்சி மனதில் பதிந்துவிட்டதால்தான், 2024 அக்டோபர் நடுவில் வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விடுத்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரமாக வரிசையில் நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. போடவில்லை என்று காவல்துறை சொன்னது. வேளச்சேரிக்காரர்கள் செய்தது முழுக்கச் சரி. தண்ணீர் வருவதற்குள் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும் என்பதை இந்தத் தென் புறநகர் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

அப்படி ஏற்ற வேண்டிய நேரம் பெரும்பாலும் நள்ளிரவு. கையில் கிடைப்பது ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ. நம் கட்டடங்கள் எப்படிப்பட்டவை? ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு மனையில் ஆறு வீடு, எட்டு வீடு. கீழே தூண்களுக்கு நடுவே முன்னும் பின்னுமாக நெருக்கி நிற்கும் கார்கள். வாசல் பக்கம் நிற்கும் கார் நகர்ந்தால்தான் உள்ளே நிற்பது வெளியே வரும். வாசலில் நிற்பவரின் ரிமோட் அந்த நேரம் பார்த்துச் செத்துப்போனால் மாட்டிக்கொள்வது அவர் மட்டுமல்ல, அவருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு குடும்பங்களும்தான். நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. புஷ் ஸ்டார்ட் வண்டியில் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் ‘பி’யில் நிற்கும்போது சக்கரம் அசையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லாமல் குடியிருப்புக்கே சேர்த்து எழுதுவது இதனால்தான். உங்கள் சாவி பேட்டரி உங்கள் சொந்த விஷயம் இல்லை.

அந்தப் பேட்டரியின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ரிமோட்களில் இருப்பது 3 வோல்ட் லித்தியம் செல். முதுகில் சிஆர்2032 என்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு கனம், 3.2 மில்லிமீட்டர். சில வண்டிகளில் சிஆர்2025, சிஆர்2016, சிஆர்1632 என்று மாறும். எல்லாமே 3 வோல்ட்தானே என்று 2032 இருந்த இடத்தில் 2025 போட்டுக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. 0.7 மில்லிமீட்டர் மெல்லிசு என்றால் உள்ளே இருக்கும் தகடு சரியாகத் தொடாது. இன்று வேலை செய்யும், நாளை சாவி கைதவறி விழுந்தால் செய்யாது. பழைய செல்லில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

டார்ச்சில் போடுகிற சாதாரண பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நமக்கு நோட்டீஸ் கொடுக்கும். லித்தியம் செல் அப்படி இல்லை. ஆயுளில் பெரும்பகுதி ஏறக்குறைய 3 வோல்ட்டிலேயே நின்றுவிட்டு, கடைசியில் சட்டென்று இறங்கிவிடும். எச்சரிக்கைக்குக் கிடைக்கும் காலம் குறைவு. முன்பு இரண்டாம் மாடி பால்கனியிலிருந்தே கேட்ட லாக் சத்தம் இப்போது கார் பக்கத்தில் போனால்தான் கேட்கிறது என்றால் அந்தக் காலம் தொடங்கிவிட்டது. ஒரு தடவை அழுத்தினால் திறந்த கதவுக்கு இப்போது மூன்று தடவை தேவைப்படுகிறது என்றாலும் அதே கதைதான். புது வண்டிகளில் டேஷ்போர்டிலேயே ‘சாவி பேட்டரி குறைவு’ என்று செய்தி வரும். அதை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் நம்மில் ஏராளம். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 2.9 காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சும்மா இருக்கும்போது காட்டும் அளவை நம்பாதீர்கள். வயதான செல்லில் உள்தடை ஏறியிருக்கும். பட்டனை அழுத்துகிற நொடியில் மின்னழுத்தம் விழுந்துவிடும். டிவி ரிமோட்டைச் சோதிப்பதுபோல் செல்போன் கேமராவுக்கு முன் காட்டி அழுத்திப் பார்ப்பதும் வீண். அது அகச்சிவப்பு ஒளி, கேமராவுக்குத் தெரியும். கார் சாவி அனுப்புவது ரேடியோ அலை.

பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு கதவைத் தொட்டால் திறக்கிற ஸ்மார்ட் கீ பேட்டரியை இன்னும் வேகமாகத் தின்னும். கார் குறைந்த அலைவரிசையில் கூப்பிட, சாவி விழித்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்காக அது எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். தனி வீடுகளில் போர்ட்டிகோவில் கார், அதை ஒட்டிய சுவரின் உள்பக்கம் சாவி மாட்டும் ஆணி. நாள் முழுக்க இரண்டும் பேசிக்கொண்டே இருக்கலாம். சாவியை வீட்டின் மறுகோடிக்கு மாற்றுங்கள். டிவிக்கு மேலேயும் வைக்காதீர்கள்.

பேட்டரி மாற்றினால் சாவியை மறுபடி ‘புரோகிராம்’ செய்ய வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வண்டிகளில் தேவையில்லை. சாவியின் ரகசிய எண் பேட்டரி இல்லாமலே அழியாமல் நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. ஸ்டேஷன் ரோடு, ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஏதாவது ஒரு வாட்ச் கடையில் கொடுத்தால் சில நிமிட வேலை. வீட்டிலும் செய்யலாம். மெலிந்த ஸ்குரூ டிரைவர் முனையில் துணி சுற்றி, சாவி ஓரத்தில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் வைத்து மெதுவாகத் திருப்பினால் மூடி விடுபடும். பழைய செல்லில் பிளஸ் குறி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று எடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு நிறத் தகடுகளை நெம்பாதீர்கள். உள்ளே மெல்லிய ரப்பர் வளையம் இருந்தால் அதைத் திரும்ப அதே இடத்தில் பொருத்துங்கள். மழைநீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான். உதிரியாகக் கிண்ணத்தில் கிடக்கும் செல்லை வாங்க வேண்டாம். அட்டையில் ஒட்டி, ஆண்டு அச்சிட்டு வருவதையே வாங்குங்கள்.

எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போட்டுவிடவும் கூடாது. இரண்டாவது சாவியை எடுத்து அழுத்திப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் காரின் பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில். வாரக்கணக்கில் எடுக்காமல் உறை போட்டு நிற்கும் வண்டிகளில் இதுதான் நடக்கும். அபூர்வமாக இன்னொரு காரணமும் உண்டு. 2019-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரின் ஒரு பகுதியில் பல வாரங்களாக பலருடைய கார் ரிமோட்கள் வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்ததில் அந்தத் தெருவாசி ஒருவர் வீட்டுக்கென்று தானே செய்துகொண்ட ஒரு கருவி அதே அலைவரிசையில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பேட்டரியை எடுத்ததும் தெருவே சரியானது. உங்கள் கட்டடத்தில் ஒரே நாளில் பல கார்கள் முரண்டு பிடித்தால் புதிதாக மாட்டிய கேட் ரிமோட்டையோ, வயர்லெஸ் காலிங் பெல்லையோ சந்தேகப்படலாம்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். மழை கொட்டுகிறது, பட்டன் அழுத்தினால் பதில் இல்லை. என்ன செய்வது?

ஸ்மார்ட் கீயின் வயிற்றுக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. பக்கவாட்டில் உள்ள சின்னக் கொண்டியைத் தள்ளிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். டிரைவர் பக்கக் கதவில் சாவித்துவாரம் இருக்கும். சில வண்டிகளில் அது வெளியே தெரியாது, கைப்பிடி ஓரத்து மூடியைக் கழற்றினால்தான் தெரியும். இரும்புச் சாவியால் திறந்ததும் அலாரம் அலறக்கூடும். பதற வேண்டாம். வண்டி உங்கள் சாவியை அடையாளம் கண்டு ஸ்டார்ட் ஆனதும் அடங்கிவிடும்.

ஸ்டார்ட் ஆவது எப்படி? மெட்ரோவில் பயண அட்டையைத் தேய்த்துவிட்டுப் போகிறோமே, அந்த அட்டைக்குள் ஏது பேட்டரி? வாசலில் இருக்கும் கருவி அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைத்துவிடுகிறது. உங்கள் சாவிக்குள்ளும் அப்படி ஒரு சில்லு இருக்கிறது. மிக அருகில் கொண்டுபோனால் காரே அதற்குச் சக்தி கொடுத்து, எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, செத்த சாவியாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பல வண்டிகளில் இதுவே போதும். சில மாடல்களில் சாவியைப் பட்டன்மேல் தொட்டுவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். வேறு சிலவற்றில் ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ, கப் வைக்கும் குழியிலோ அதற்கென்று ஓர் இடம் இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்று கையேட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை இன்றே போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். கையேடு பூட்டிய காருக்குள்தான் இருக்கும். மழையில் நிற்கும்போது அதனால் பயனில்லை. திருகி ஸ்டார்ட் செய்யும் பழைய மாதிரி சாவி உள்ளவர்களுக்குக் கவலை குறைவு. பட்டன்தான் போகும், வண்டி வழக்கம்போல் கிளம்பும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீர் ஏற்கெனவே பாதிச் சக்கரத்துக்கு வந்துவிட்டது என்றால் சாவி வேலை செய்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வண்டியை விட்டுவிட்டு மேலே போய்விடுங்கள்.

இதுவரை சொன்னது வண்டியைப் பற்றி. இனி சொல்வதற்காகவே இந்த மடலை எழுதியிருந்தாலும் தகும். கழற்றிய பழைய செல்லை எங்கே வைத்தீர்கள்?

ஷோகேஸ் மேல், சாமி அலமாரி ஓரம், ஃபிரிட்ஜ் மேல். பெரும்பாலான வீடுகளில் அங்கேதான் கிடக்கும். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த கார் சாவியையே கையில் கொடுக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. மூடி தளர்ந்த சாவி என்றால் கடிக்கக் கடிக்கத் திறந்துகொள்ளும். 20 மில்லிமீட்டர் செல் ஒரு சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரமான சதையில் பட்டதும் மின்சுற்று முழுமையாகி, மைனஸ் பக்கத்தில் காரம் உற்பத்தியாகும். இரண்டு மணி நேரத்துக்குள் சதை வெந்துபோகத் தொடங்கிவிடும். காருக்கு உதவாத செத்த செல்லிலும் இதற்கு வேண்டிய மின்னழுத்தம் மிச்சம் இருக்கிறது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இப்படி இறந்த பிறகு அந்தக் குழந்தையின் தாய் போராடி, 2022-ல் குழந்தையின் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது. பட்டன் செல் உள்ள பொருள்களைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், காத்திருக்காதீர்கள். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல், மூச்சில் சத்தம் என்று அறிகுறிகள் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். 108-ஐ அழைத்து, எக்ஸ்-ரேயும் குழந்தைகளுக்கான எண்டோஸ்கோபியும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற நிலையில் உள்ள குழந்தைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேன் காரத்தின் வேகத்தைத் தணிக்கிறது என்று 2018-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் ஆய்வு காட்டியது. தேன் தேடிக்கொண்டு நேரத்தை மட்டும் வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேனே வேண்டாம். ‘பட்டன் பேட்டரி’ என்ற வார்த்தையை மருத்துவமனையில் நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள்; காசு விழுங்கிய குழந்தை என்று வரிசையில் உட்கார வைத்துவிடக் கூடாது.

பழைய செல்லைக் கழற்றிய கையோடு இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டுங்கள். குப்பையில் போடாதீர்கள். மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இந்தச் சின்ன செல்லுக்கும் பொருந்தும். பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஒவ்வொரு செல்லாகக் கொண்டுபோய்க் கொடுக்க யாராலும் முடியாது என்பது உண்மைதான். அசோசியேஷன் அலுவலறையில், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில், திருகு மூடி போட்ட ஒரு டப்பா வையுங்கள். நிறைந்ததும் மின்கழிவு எடுப்பவர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். தாம்பரம் மாநகராட்சி ஆண்டுக்கு இரண்டு முறை வார்டுதோறும் இதற்கென்று ஒரு நாள் ஒதுக்கினால் மிகவும் உதவியாக இருக்கும். நம் கவுன்சிலர்களிடம் சேர்ந்து கேட்போம்.

சாவிச் சோதனையை எப்போது செய்வது என்பதற்கு நம் ஊர்வழக்கத்திலேயே நாள் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக ஆயுத பூஜை வந்துவிடும். அன்று எப்படியும் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். சாவிகளையும் தட்டில் வைக்கிறோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள இரண்டு சாவிகளையும் கீழே கொண்டு வாருங்கள். பீரோவில் தூங்குகிற இரண்டாவது சாவியைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். முதல் சாவி செத்த அன்றுதான் அதுவும் செத்துக் கிடப்பது தெரியவரும். ஒவ்வொரு வருடமும் சோதனை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது செல் என்று வைத்துக்கொண்டால் போதும். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சாவியின் உள்மூடியில் ஒட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, இரும்புச் சாவியால் கதவைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். இரவு ஒரு மணிக்கு முதல் தடவையாகச் செய்து பார்க்க வேண்டியதில்லை.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். மறைமலை நகரில் வேலை பார்த்து முடித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு காலைப்பொழுதைக் கொடுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களையும் கேட்கிறேன். 1949-ல் அந்தக் கல்லூரி தொடங்கியபோதே ஆட்டோமொபைலையும் எலக்ட்ரானிக்ஸையும் தனித்தனிப் பாடமாக வைத்தது. இரண்டும் சேர்கிற இடம் இந்தச் சாவி. கல்லூரி வாசலுக்கு வெளியே நாலு தெரு வந்தால் உங்கள் படிப்புக்கு வேலை இருக்கிறது.

செயலாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். குரூப்பில் செய்தி போட்டதோடு விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாதத்துக்கு ஒருமுறை ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டுக் கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்வரும் பெரியவர்கள் எல்லாக் கட்டடத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கீழே வரமாட்டார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று இருந்துவிடுவார்கள். அந்த வீட்டு பெல்லை நீங்கள் அடியுங்கள். “சாவியைக் கொடுங்கள் மாமா, நான் பார்த்துத் தருகிறேன்” என்று வாங்கிக்கொள்ளுங்கள். செல் மாற்றியதும், இரும்புச் சாவி எங்கே ஒளிந்திருக்கிறது, கதவில் துவாரம் எங்கே என்று அவர்களுக்கும் அந்த டிரைவருக்கும் சேர்த்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ராதா நகரிலிருந்து உங்கள் அண்டை வீட்டார் ஒருவர்